ஓடுற ரோபோவும் காட்டுற ரோபோவும்

போன முறை போட்டியில எங்கட ரோபோ முதல் சுற்றிலேயே நின்டுட்டுது. எதிரணி ரோபோ பக்கத்தால ஒரு இடி இடிச்சுது, அவ்வளவுதான். இரவிரவா இருந்து எழுதின புரோகிராமில ஒரு பிழையும் இல்லை. திறந்து பார்த்தால், பிரெட்போர்டில் குத்தியிருந்த ஒரு வயர் கழன்று கிடந்தது.

அழுகை வந்தது உண்மை. ஆனால் மன்னாருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸில் எங்களுக்குள் நடந்த சண்டைதான் இந்தப் பதிவுக்குக் காரணம். நாங்கள் எல்லாரும் புரோகிராம் படித்தோம். ஆணி இறுக்க ஒருவரும் படிக்கவில்லை. அது 'கராஜ் வேலை' எண்டு ஒரு நினைப்பு. இந்த நினைப்புத்தான் எங்களைத் தோற்கடித்தது எண்டு நாங்கள் சொல்லுறம்.

இன்னொரு நோயும் இருக்கு. ரோபோ மோதி நிற்கும்போது சில்லு சுத்தாது, மோட்டர் வழமையை விடப் பல மடங்கு மின்னோட்டத்தை இழுக்கும். பற்றரியின் வோல்ற்றளவு சட்டென விழும். அதே பற்றரியில் ஓடும் ஆடுயினோ அணைந்து, திரும்பத் தொடங்கும். பார்க்கிறவைக்கு ரோபோ 'மயங்கி' எழும்பின மாதிரி இருக்கும். நாங்களும் நாள்கணக்காய் புரோகிராமிலதான் பிழை தேடினோம். மருந்து லேசானது: மூளைக்கு ஒரு பற்றரி, மோட்டருக்கு ஒரு பற்றரி, இரண்டினதும் எதிர்முனைகளை மட்டும் சேர்த்துவிட வேணும்.

இதையெல்லாம் கற்றுக்கொள்ளக் கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பேசாலைக் கரைக்குப் போய்ப் பாருங்கோ. அலையில் குத்துப்பட்டு, உப்புத் தண்ணியில் நனைந்து, நாள் முழுக்க அதிர்ந்துகொண்டு போட் எஞ்சின் ஓடுது. நடுக்கடலில் நின்டால் தோல்வி இல்லை, உயிராபத்து. அதனாலதான் போட்டில் எப்பவும் ஒரு ஸ்பானர், ஒரு மேலதிக பிளக். சின்ன எஞ்சின்களின் விசிறியில் ஒரு மெல்லிய பின் இருக்கும். விசிறி கல்லில் அடிபட்டால் அந்தப் பின் முறியும், கியர் தப்பும். மலிவான சாமானை முறிய விட்டு விலையான சாமானைக் காப்பாற்றுகிற அறிவு அது. எங்கட ரோபோவில் அப்படி ஒரு பின் இருந்ததா? இல்லை. முறிந்தது கியர்பெட்டிதான்.

நாசா 2004இல் செவ்வாயில் இறக்கிய ஸ்பிரிட் ஊர்தியின் திட்டமிட்ட ஆயுள் 90 செவ்வாய் நாட்கள். 2006இல் அதன் முன்சில்லு ஒன்று இறுகிவிட்டது. பொறியியலாளர்கள் அதைப் பின்பக்கமாக ஓட்டினார்கள். இழுபட்ட சில்லு கிளறிய மண்ணில்தான் 2007இல் சிலிக்கா தெரிந்தது, அங்கே ஒருகாலம் தண்ணீர் இருந்ததற்கு அது சான்று. 2010 வரை அது வேலை செய்தது. பழுது வராத இயந்திரம் இல்லை. பழுதோடும் ஓடத் தெரிந்த ஆக்கள்தான் வேணும்.

இப்ப எங்களிடம் பிரெட்போர்ட் இல்லை. எல்லா இணைப்பும் ஈயம் வைத்து ஒட்டி, வயரைச் சட்டத்தோடு கட்டியிருக்கிறம். கழராத நட், போர்டுக்குக் கீழே ரப்பர். போட்டிக்கு முதல் ரோபோவை நாங்களே சுவரில் மோதவிட்டுப் பார்க்கிறம்.

போட்டி நடத்துகிறவர்களிடம் ஒரு கேள்வி: வேகத்துக்குப் புள்ளி, வடிவத்துக்குப் புள்ளி, உடைந்ததைப் பத்து நிமிடத்தில் திருத்தி ஓட்டுகிற பிள்ளைக்கு ஏன் ஒன்றுமில்லை? பாடசாலைகளிடம் ஒரு கேள்வி: ரோபோ வகுப்புக்கு ஒரு நாள் எஞ்சின் திருத்துகிற ஐயாவைக் கூப்பிட்டால் என்ன?

நாங்கள் கூப்பிடப் போறம். நீங்களும் வாங்கோ. வரும்போது ஒரு ஸ்பானர் கொண்டுவாங்கோ.