கையெழுத்துப் போட யார் இருக்கிறார்?

பாடசாலையில் பெற்றோர் கூட்டம் என்று கடிதம் வருகிறது. அம்மா குவைத்தில் வீட்டு வேலை. அப்பா கொழும்பில் கடை வேலை. அம்மாயி மலையில் கொழுந்து பறிக்கிறார். கடிதம் புத்தகப் பையிலேயே கசங்கிக் கிடக்கிறது. நமது லயங்களில் இப்படி எத்தனையோ வீடுகள்.

இந்தப் பிள்ளைகளுக்குச் சோறு போட ஆள் உண்டு. அம்மாயி, பெரியம்மா, சித்தி என்று யாராவது தன் பிள்ளைபோல் பார்த்துக்கொள்கிறார்கள். அது நமது சமூகத்தின் பெருமை. ஆனால் பாடசாலையில் அந்தப் பிள்ளைக்காகப் பேச ஆள் இல்லை. நான்கு நாள் வராவிட்டால் ஆசிரியர் யாரிடம் கேட்பார்? சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும். அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அதை அம்மா எங்கே வைத்தார் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. இப்படித்தான் நன்றாகப் படித்த பிள்ளையும் கடைசியில் கொழும்புக் கடைக்குப் போகிறது. 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டம் சொல்லும் நாட்டில்தான் இது நடக்கிறது.

வெளிநாடு போன தாயை நாம் குறை சொல்லவில்லை. தோட்டச் சம்பளம் குடும்பத்துக்குப் போதுமானால் எந்தத் தாய் பிள்ளையை விட்டுப் போவாள்? சம்பளப் போராட்டம் தொடரும். அதுவரை பிள்ளையின் படிப்பு காத்திருக்காது.

ஆகவே, புறப்படும் முன் பெற்றோர் அதிபரைச் சந்தித்து, பிள்ளைக்குப் பொறுப்பானவர் யார் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். பிறப்புச் சான்றிதழை அவர் கையில் ஒப்படைக்க வேண்டும். அனுப்பும் பணத்தில் படிப்புக்கு எவ்வளவு என்பதையும் அப்போதே பேசி முடிக்க வேண்டும்.

தோட்டத் தலைவர்களும் மாதர் சங்கத் தலைவிகளும் தமது தோட்டத்தில் இத்தகைய பிள்ளைகள் யார் யார் என்று அறிந்திருக்க வேண்டும். எழுத வாசிக்கத் தெரியாத அம்மாயியோடு பாடசாலைக்குக் கூடப் போவதும் சங்க வேலைதான். பிரச்சினை பெரிதானால் பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார். பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1929 என்ற இலக்கத்துக்கு உடனே அழையுங்கள்.

நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறோம்: பெற்றோர் கூட்டத்துக்குப் போகிறவருக்கு அரைப் பேர் போடாதீர்கள்.

தோழர்களே, அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் சந்தாக் கணக்குப் பார்க்கும் முன் இந்தப் பிள்ளைகளின் கணக்கைப் பாருங்கள்.