ஒருவர் நாக்கு உலகத்துக்குத் தராசு ஆகுமா?

பள்ளி இறுதித் தேர்வில் 35 மார்க் வாங்கினால் தேறிவிடலாம். 60 வாங்கினால் முதல் வகுப்பு. ஸ்காட்லாந்து விஸ்கிக்கு மார்க் போடும் தேர்வில் கணக்கு வேறு. அங்கே 70 வாங்கிய சரக்கு கடைசி பெஞ்சு. 85 வாங்கினால் நல்ல பெயர். 90-ஐத் தாண்டினால் கடையில் விலை ஏறும். 97 வாங்கிவிட்டால் சில நாளில் சரக்கே கிடைக்காது.

இந்தத் தேர்வுக்கு விடைத்தாள் திருத்துவது எது? ஒரு மனிதரின் மூக்கும் நாக்கும்தான்.

கோட்டும் சூட்டும் போட்ட பெரிய மனிதர்களின் பொழுதுபோக்கில் மாதச் சம்பளக்காரனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது. 2022-ஆம் ஆண்டில் ஸ்காட்ச் விஸ்கியை அளவில் மிக அதிகமாக வாங்கிய நாடு இந்தியா. சுமார் 21 கோடியே 90 லட்சம் பாட்டில்கள். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தம், 150 சதவீதச் சுங்க வரியை முதலில் 75 ஆகவும், பத்தாண்டில் 40 ஆகவும் குறைக்க வழி செய்கிறது. வரி இறங்கினால் விளம்பரம் ஏறும். விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது மார்க்தான். பதவி உயர்வு விருந்து, காரியம் முடித்துக் கொடுத்தவருக்கு மரியாதை, துபாயிலிருந்து விடுமுறையில் வரும் மைத்துனரின் பெட்டி என்று 'சிங்கிள் மால்ட்' நடுத்தரக் குடும்பத்தின் வாசலுக்கும் வந்துவிட்டது.

குடிப்பது நல்லதா கெட்டதா என்பது இங்கே வழக்கு அல்ல. அந்த வழக்கின் தீர்ப்பைப் பல வீடுகளின் அடுப்படியிலேயே படித்துக்கொள்ளலாம். உடலுக்குத் தீங்கு செய்யாத அளவு என்று மதுவில் எதுவுமில்லை என உலக சுகாதார நிறுவனமும் 2023-இல் கூறிவிட்டது. இங்கே எழும் கேள்வி வேறு. சுவைக்கு மார்க் போட முடியுமா? போட்டால், அதை எந்த அளவுக்கு நம்பிப் பணத்தை எடுக்கலாம்?

சரக்கு எப்படிப்பட்டது?

முதலில் பொருளைத் தெரிந்துகொள்வது நல்லது. முளைகட்டி உலர்த்திய பார்லி, நீர், ஈஸ்ட் ஆகிய மூன்றை மட்டும் கொண்டு, ஒரே வடிசாலையில், செம்புக் கொப்பரையில் வடிப்பது சிங்கிள் மால்ட். ஓக் மரப் பீப்பாயில் குறைந்தது 3 ஆண்டுகள் ஸ்காட்லாந்து மண்ணிலேயே கிடந்தால்தான் அதற்கு ஸ்காட்ச் என்று பெயர். பாட்டிலில் ஆல்கஹால் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. தண்ணீரையும், நிறத்துக்காகக் கருக்கிய சர்க்கரையையும் தவிர வேறெதையும் சேர்க்கக் கூடாது. 2009-ஆம் ஆண்டின் விதிகள் இவற்றைக் கண்டிப்பாகச் சொல்கின்றன. பல வடிசாலைகளின் மால்ட்டோடு வேறு தானிய விஸ்கியையும் கலந்தால் அது 'பிளெண்டட்'. நம்மவர்கள் அதிகம் கேள்விப்பட்ட ஜானி வாக்கர் கறுப்பு லேபிள் இந்த இரண்டாவது வகை.

சிங்கிள் மால்ட்டுக்குள்ளேயே குணங்கள் பல. ஐலா என்ற தீவில் பீட் எனப்படும் சதுப்பு நிலக் கரியை எரித்து, அந்தப் புகையில் பார்லியை உலர்த்துகிறார்கள். அங்கிருந்து வரும் லஃப்ராய்க், ஆர்ட்பெக் போன்றவற்றில் புகையும் மருந்து வாடையும் தூக்கலாக இருக்கும். "ஆஸ்பத்திரி நெடி" என்று ஒருவர் முகம் சுளிப்பார். இன்னொருவர் அந்த நெடிக்காகவே வாங்குவார். ஸ்பேசைடு வட்டாரத்து மக்காலன், ஷெர்ரி ஒயின் ஊறிய பீப்பாயில் கிடந்து, உலர்ந்த திராட்சையின் இனிப்பு மணத்தோடு வரும்.

இரண்டையும் ஒரே மார்க் பட்டியலில் வைப்பது, நெத்திலிக் கருவாட்டையும் பாதாம் அல்வாவையும் ஒரே தராசில் நிறுப்பது போன்றது. எடை சொல்லலாம். எது உயர்ந்தது என்று தராசு எப்படிச் சொல்லும்?

சுவைப்பதும் ஒரு தொழில்தான்

அதற்காகச் சுவை பார்ப்பவரைக் கேலி செய்வது நியாயமல்ல. அது பயிற்சியும் ஒழுக்கமும் வேண்டிய தொழில். குன்னூரில் ஏலத்துக்கு வரும் தேயிலையைச் சுவை பார்ப்பவர், ஒரு கரண்டி டிக்காஷனைச் சத்தத்தோடு உறிஞ்சிவிட்டு உடனே துப்பிவிடுகிறார். விஸ்கி நிபுணரும் அப்படித்தான். வாய் குறுகிய சிறு கண்ணாடிக் கோப்பையில் கொஞ்சமாக ஊற்றுகிறார். பலமுறை முகர்கிறார். சில சொட்டுத் தண்ணீர் விட்டு மறுபடி முகர்கிறார். ஒரு மிடறு வாயில் புரட்டுகிறார். நாளெல்லாம் சுவைக்க வேண்டியவர் அதைத் துப்பியும் விடுகிறார். குடிகாரனுக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை.

அந்தச் சில சொட்டுத் தண்ணீரும் வெறும் சம்பிரதாயம் அல்ல. புகை மணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற பொருள், தண்ணீர் சேரும்போது திரவத்தின் மேற்பரப்புக்கு வருகிறது என்பதை ஸ்வீடன் நாட்டு விஞ்ஞானிகள் இருவர் 2017-இல் கம்ப்யூட்டர் கணக்கின் மூலம் விளக்கினார்கள். மேலே வந்த பொருள் மூக்குக்கு எட்டுகிறது. அனுபவத்தில் கண்டதை அறிவியல் பின்னால் வந்து ஒப்புக்கொண்டது.

நூற்றுக்கு இத்தனை என்று மால்ட் விஸ்கிகளுக்கு மார்க் போடும் பழக்கத்தைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஜாக்சன். பாட்டுக்காரர் அல்லர், அதே பெயர் கொண்ட ஆங்கிலேயப் பத்திரிகையாளர். 1989-இல் வெளிவந்த அவருடைய வழிகாட்டி நூல், ஒவ்வொரு மால்ட்டுக்கும் குணம் எழுதி மார்க்கும் தந்தது. அவர் 2007-இல் காலமானார். ஜிம் மர்ரே என்ற மற்றொரு ஆங்கிலேயர் 2003 முதல் தமது விஸ்கி நூலை வெளியிட்டு வந்தார். மணத்துக்கு 25, சுவைக்கு 25, விழுங்கிய பின் நிற்கும் ருசிக்கு 25, எல்லாம் பொருந்தி வருவதற்கு 25 என்பது அவருடைய கணக்கு.

குணத்தை எழுதியது பெரிய உதவி. வாங்குபவருக்கு அதுவரை லேபிளில் இருந்த கோட்டைப் படமும் மான் படமும்தான் வழிகாட்டி. சிக்கல் மார்க்கில்தான் இருக்கிறது. படிப்பவர் குணத்தை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டார்.

நாக்கை ஏமாற்றும் கண்

நாக்கு நேர்மையானதுதான். ஆனால் அது கண்ணின் பேச்சைக் கேட்கும். பிரான்சில் போர்தோ நகரத்து ஆய்வாளர்கள் 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயத்தைக் கலந்து 54 மாணவர்களிடம் கொடுத்தார்கள். அவர்கள் ஒயின் படிப்பே படிப்பவர்கள். அப்படியிருந்தும் சிவப்பு ஒயினுக்கு உரிய சொற்களால் அதை வருணித்தார்கள். 2008-இல் கலிபோர்னியாவில் இன்னொரு சோதனை. ஒரே ஒயினை 10 டாலர் என்றும் 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று கேட்டபோது அதிகம் பிடித்ததாகச் சொன்னார்கள். வாயால் மட்டும் சொல்லவில்லை. மூளையில் இன்பம் உணரும் பகுதியும் கூடுதலாக வேலை செய்ததைக் கருவி காட்டியது. விலையும் ருசிக்கிறது என்று அர்த்தம்.

விஸ்கிக்கு இது பொருந்தாதா? பொன்னிறம் ஆழமாக இருந்தால் பழைய சரக்கு என்று நினைக்கிறோம். அது கருக்கிய சர்க்கரையின் நிறமாகவும் இருக்கலாம். லேபிளில் '18 ஆண்டு' என்று கண்டால் 12-ஐ விட உயர்ந்தது என்று முடிவு கட்டுகிறோம். அந்த எண், பாட்டிலில் உள்ளவற்றில் மிக இளையதன் வயது. பீப்பாய் நல்லதா கெட்டதா என்பதை அது சொல்லாது.

இதற்கு மருந்து ஒன்றே ஒன்று. பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு, வெறும் எண் ஒட்டிய குப்பியைக் கொடுத்துச் சுவைக்கச் சொல்ல வேண்டும். 1997-இல் தொடங்கிய 'மால்ட் மேனியாக்ஸ்' என்ற பல நாட்டு ஆர்வலர் குழு, தங்கள் விருதுகளுக்கு இப்படித்தான் தேர்வு நடத்தியது. பலர் தனித்தனியே போட்ட மார்க்கைக் கூட்டிச் சராசரி பார்த்தது. பரீட்சைத் தாளில் பெயர் எழுதாமல் பதிவு எண் மட்டும் எழுதச் சொல்வதும் இதற்காகத்தானே? திருத்துபவர் அயோக்கியர் என்பதால் அல்ல. அவரும் மனிதர் என்பதால்.

பெங்களூர் வாங்கிய 97

இந்தப் பேச்சில் பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு. 1948-இல் இங்கே தொடங்கிய அம்ருத் நிறுவனம், தன் சிங்கிள் மால்ட்டை 2004-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலேயே முதலில் விற்பனைக்கு வைத்தது. திருப்பதியில் லட்டுக் கடை போட்ட துணிச்சல் அது. இந்திய பார்லியையும் புகையூட்டிய ஸ்காட்லாந்து பார்லியையும் சேர்த்துச் செய்த 'அம்ருத் ஃபியூஷன்' 2010-ஆம் ஆண்டுக்கான மர்ரேயின் நூலில் 97 மார்க் வாங்கி, உலகில் மூன்றாவது என்று இடம் பிடித்தது.

பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் பெருமை அந்த 97-இல் இல்லை. ஸ்காட்லாந்தின் குளிரில் பீப்பாயிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகிறது. பெங்களூர் வெயிலில் 10 முதல் 12 சதவீதம் வரை போகிறது. இழப்பு அதிகம், மரத்தோடு சரக்கு கலந்து பக்குவப்படும் வேகமும் அதிகம். அங்கே பன்னிரண்டு ஆண்டு காத்திருப்பதை இங்கே நாலைந்து ஆண்டில் அடையலாம் என்பதைக் கண்டறிந்து, அதற்கேற்ற முறையை வகுத்த உழைப்புதான் பெருமை. வயதை வைத்து விஸ்கியை எடை போடுவது தவறு என்பதற்கும் அதுவே சாட்சி. 97-க்குப் பதில் 79 வந்திருந்தாலும் அந்த உழைப்பு உழைப்புதான். மார்க் கூடினால் வாத்தியார் நல்லவர், குறைந்தால் கெட்டவர் என்பது பள்ளிப் பிள்ளையின் நியாயம்.

அந்த மார்க் சந்தையில் செய்யும் வேலையையும் பார்க்க வேண்டும். 2014 கடைசியில் வந்த மர்ரேயின் நூல், ஜப்பானின் யமசாகி ஷெர்ரி பீப்பாய் விஸ்கிக்கு 97.5 கொடுத்து உலகில் முதலிடம் என்றது. முதல் ஐந்தில் ஒரு ஸ்காட்ச் கூட இல்லை. செய்தி வந்ததும் அந்த பாட்டில் கடைகளில் மறைந்தது. ஏலத்தில் பன்மடங்கு விலைக்குப் போயிற்று. பாட்டிலுக்குள் இருந்த சரக்கு முதல் நாள் இருந்த அதே சரக்கு. மாறியது ஓர் எண்.

இதன் உச்சியில் இருப்பது 1926-இல் வடித்த மக்காலன். அறுபது ஆண்டு பீப்பாயில் கிடந்து 1986-இல் 40 பாட்டில்களாக வந்தது. அதில் ஒன்று 2023 நவம்பரில் லண்டன் ஏலத்தில் 21 லட்சம் பவுனுக்கு மேல் விலை போயிற்று. இருபது கோடி ரூபாய்க்கும் அதிகம். அதை யாராவது திறப்பார்களா? கோப்பைக்கு வர வேண்டியது இரும்புப் பெட்டிக்குப் போய்விட்டது. ருசியைப் பற்றித் தொடங்கிய பேச்சு ருசியே தேவையில்லை என்ற இடத்தில் வந்து நிற்கிறது.

அப்படியானால் என்ன செய்வது?

ஆண்டுக்கு ஒரு பாட்டில் வாங்குபவர், அதுவும் பரிசளிக்க வாங்குபவர், மார்க்கைப் பார்க்காமல் எதைப் பார்ப்பது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் வாங்கிச் சுவைத்துப் பார்க்க அவரிடம் பணமும் இல்லை, ஈரலும் தாங்காது.

மார்க்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் இடத்தில் வைத்தால் போதும். எண்ணுக்கு முன் எழுத்தைப் படிக்க வேண்டும். 'புகை, கடல் உப்பு' என்று எழுதியிருந்தால், அது ஆகாதவருக்கு 95 மார்க்கும் வீண். மார்க் போட்டவர் பெயரை மறைத்துச் சுவைத்தாரா, லேபிளைப் பார்த்துக்கொண்டே சுவைத்தாரா என்று கேட்க வேண்டும். ஒருவர் சொன்னதா, பலர் சொன்னதன் சராசரியா என்று பார்க்க வேண்டும். ஒரு மார்க், இரண்டு மார்க் வித்தியாசத்துக்கு ஆயிரம் ரூபாய் கூடக் கொடுக்கத் தேவையில்லை. அதே மனிதர் அதே சரக்கை மறுவாரம் சுவைத்தால் அந்த இரண்டு மார்க் இடம் மாறிவிடலாம். சினிமா விமரிசனத்தில் நம் ரசனைக்கு ஒத்து வருபவர் ஒருவரைத் தேடி வைத்துக்கொள்வதில்லையா? அதுபோல ஒருவரைத் தேடிக்கொள்ளலாம்.

யஷ்வந்த்புரம் மண்டியில் அரிசி வாங்கும் குடும்பத் தலைவி, மூட்டையின் மேல் எழுதிய பெயரை மட்டும் பார்த்துப் பணம் கொடுப்பதில்லை. ஒரு பிடி அள்ளி முகர்கிறார். இரண்டு மணியைப் பல்லில் கடித்துப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்காரரிடம் சாதம் எப்படி வந்தது என்று விசாரிக்கிறார். அவர் யாருக்கும் மார்க் போடுவதில்லை, ஏமாறுவதும் இல்லை.

அந்த எச்சரிக்கை விஸ்கிக்கடை வாசலிலும் இருக்க வேண்டும். ஒரு மாத வீட்டு வாடகையை ஒரு பாட்டிலுக்காக எடுத்து வைப்பவர், அந்த 97-இல் சரக்குக்கு எத்தனை மார்க், பெயருக்கு எத்தனை மார்க் என்று ஒருமுறை கேட்டுவிட்டு எடுத்து வைக்கட்டும்.