லைட் வீடு நிக்குது. நம்ம ஆளுங்க பேரு எங்கே?



பினாங்கு ஆயர் ஈத்தாம் சாலையில் சஃபோக் ஹவுஸ் என்று ஒரு பழைய மாளிகை இருக்கு. நம்மில் பல பேர் பஸ்ஸில் அந்தப் பக்கம் போயிருப்போம், உள்ளே போயிருக்க மாட்டோம். ஒரு தடவை குடும்பத்தோட போய்ப் பாருங்க.

ஜார்ஜ் டவுனை உருவாக்கிய பிரான்சிஸ் லைட்டின் மிளகுத் தோட்டம் அங்கேதான் இருந்தது. 1786 ஆகஸ்டில் கொடி ஏற்றி இந்தத் தீவை ஆங்கிலேயர் வசமாக்கியவர் அவர். இங்கிலாந்தில் தன் சொந்த வட்டாரமான சஃபோக் பேரையே தோட்டத்துக்கு வைத்தார். 1794-ல் மலேரியாவில் இறந்துபோனார்.

இப்போ நிற்கிற மாளிகையை அவர் கட்டலை. அவர் காலமான பிறகு, 1800-களின் தொடக்கத்தில் வேறொருத்தர் கட்டியது. ஆனாலும் ஊரை நிறுவியவர் வாழ்ந்த மண் என்று மரியாதை கொடுக்கிறாங்க. பின்னால் அது பள்ளிக்கூடத்தின் கைக்கு வந்து, ரொம்பப் பழுதாகி, உள்ளே போகவே ஆபத்து என்ற நிலைமைக்கு வந்தது. அப்பவும் இடிச்சுத் தள்ளலை. இருந்ததைக் காப்பாற்றி, விழுந்ததை மறுபடி எழுப்பினாங்க. 2008-ல் யுனெஸ்கோ விருதும் கிடைத்தது. செய்தவங்களைப் பாராட்டணும்.

ஆனா லைட் ஒருத்தரா இந்த ஊரை உண்டாக்கினார்? காட்டை வெட்ட ஆள் வரணும்னு பீரங்கியில் வெள்ளிக்காசு போட்டுச் சுட்டார்னு ஒரு கதை சொல்லுவாங்க. கதை நிஜமோ இல்லையோ, கத்தி பிடித்து வெட்டியது யார் கை? லைட் 1794-ல் எழுதிய குறிப்பிலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வந்த சூலியாக்களைப் பற்றிச் சொல்லியிருக்கார். சூலியா ஸ்திரீட் இன்னைக்கும் இருக்கு. அந்த மனுஷங்க வீடு எங்கேன்னு கேட்டா யாருக்கும் காட்டத் தெரியலை.

நமக்கு மிச்சம் இருப்பது கோயில்தாங்க. குவின் ஸ்திரீட் மகாமாரியம்மன் கோயில் 1833-ல் எழும்பியது. அதுக்கான நிலத்தை 1801-லேயே பெட்டி லிங்கம் செட்டி என்ற நம்மவருக்குக் கம்பெனி கொடுத்ததாகச் சொல்றாங்க. தோட்டத்துக் கோயில், ரயில்வே கோயில், துறைமுகக் கோயில் எல்லாமே அப்படித்தான். கூலியில் மிச்சம் பிடித்துக் கட்டினாங்க. அவங்க சொந்த வீடு என்று சொல்ல நமக்கு இருப்பது அந்த இடங்கள்தான்.

நாம என்ன பண்றோம்? ஒரு கோயில் திருப்பணியில், நன்கொடையாளர் பேர் செதுக்கிய பழைய கல் மேலேயே டைல்ஸ் ஒட்டினதை நாங்க கண்ணால் பார்த்தோம். கேட்டதுக்கு, "பழசு அசிங்கமா இருக்கு" என்று பதில்.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கும்பாபிஷேகம் செய்யணும், அம்மனுக்குப் புதுசா செய்வது புண்ணியம். அதை நாங்க மறுக்கலை. கோயில் மியூசியம் கிடையாது, தினமும் விளக்கு எரியிற இடம். ஆனா புதுசு வர பழசு அழியணும்னு எந்த ஆகமத்தில் இருக்கு?

ஃபேக்டரியில் ஒரு மெஷினைக் கழற்றும் முன் படம் எடுத்து, எந்தப் பாகம் எங்கே என்று எழுதி வைப்போம். இரும்புக்கே அவ்வளவு கவனம். தாத்தா பாட்டி பேருக்கு வேண்டாமா?

நிர்வாகத்தில் உள்ள அண்ணன்மார்களே, அக்காமார்களே, அடுத்த திருப்பணிக்கு முன் மூணு வேலை செய்யுங்க. ஒவ்வொரு சுவரையும் கல்வெட்டையும் படம் எடுங்க. பெயர்த்த கல், பழைய விளக்கு, மணி, ரசீதுப் புத்தகம் எதையும் ரோரி வண்டியில் ஏற்றாமல் ஒரு அறையில் வையுங்க. எண்பது வயசு தாண்டிய பெரியவங்களை உட்கார வைத்து, கோயிலை யார் தொடங்கினாங்கன்னு கேட்டு எழுதுங்க. இதுக்குப் பெரிய செலவு இல்லை, ஆள்தான் வேணும். எந்தக் கோயில் கூப்பிட்டாலும் நாங்க வர்றோம்.

லைட்டுக்கு ஒரு மாளிகை இருக்கட்டும். நம்ம ஆளுங்களுக்கு ஒரு கல்லாவது இருக்கணும்.

ஓம் சக்தி 🙏