இலேசான நோய்தானே என்று மலைக்குப் போகலாமா?

கொவிட்-19 என்றதும் ஒட்சிசன் குழாயும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவுமே நம் கண்முன் வருகின்றன. ஆனால் தொற்றுக்குள்ளாகும் 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் வைத்தியசாலைச் சிகிச்சை இன்றியே குணமடைகின்றனர். காய்ச்சல், வரட்டு இருமல், தொண்டை நோவு, உடல் வலி, அசதி என்பனவே அவர்களிடம் காணப்படும் அறிகுறிகள். சிலருக்கு மணமும் சுவையும் தெரியாமல் போகும். சிலருக்குக் காய்ச்சலே இராது.

ஆபத்தும் இங்கேதான் இருக்கிறது. மழையில் நனைந்து கொழுந்தெடுக்கும் நமக்கு இது வழமையான தடிமனாகவே தோன்றும். ஒரு பேர் போய்விடுமே என்ற பயத்தில் பிரட்டுக்குப் போகிறோம். மாலையில் லயன் அறைக்குத் திரும்பி, பெரியவர்களோடும் பிள்ளைகளோடும் ஒன்றாகப் படுக்கிறோம். நமக்கு இலேசாக வந்தது, நீரிழிவோ இருதய நோயோ உள்ள முதியவரின் உயிருக்கே ஆபத்தாகலாம்.

ஆகவே, அறிகுறி தெரிந்த அன்றே தோட்ட மருந்தகத்துக்கு அறிவியுங்கள். முகக்கவசம் அணிந்து விலகியிருங்கள். மூச்சுத்திணறல், விடாத நெஞ்சுவலி, தடுமாற்றம் ஏற்பட்டால் தாமதிக்காமல் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்பியூலன்ஸைப் பெறுங்கள்.

தொழிலாளிக்கு அறிவுரை சொன்னால் மட்டும் போதாது. நாட்சம்பளம் 1,000 ரூபா என 2021 மார்ச்சில் வர்த்தமானி வந்தது. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேர் கிடையாது. நோயை மறைக்கத் தூண்டுவது இந்தக் கணக்கே. தனிமைப்படும் நாட்களுக்குச் சம்பளமும், லயத்துக்கு வெளியே தங்குமிடமும், மருந்தகத்தில் ஒட்சிசன் அளவு பார்க்கும் கருவியும் வேண்டும். தோட்ட நிர்வாகங்களிடம் இவற்றை நாம் சலுகையாகக் கேட்கவில்லை, உரிமையாகக் கோருகிறோம்.