டார்க்ரூமுக்குக் காதில் கேட்கும் கடிகாரம் போதும்

போட்டோகிராபி கிளப்புக்கு டார்க்ரூம் அமைக்கப் போறீங்களா? பட்ஜெட்டில் 'டைமர்' என்ற வரியை இப்போதைக்கு அடிச்சிடுங்க.

ஃபிலிம் டெவலப் பண்ணத் தனிக் கடிகாரமே தேவையில்லை. ரீலில் சுற்றி, டேங்கில் போட்டு மூடும் வரைக்கும்தான் கும்மிருட்டு. மூடினதும் லைட்டைப் போட்டுக்கலாம். மிச்ச நிமிஷங்களைக் கைக்கடிகாரமே பார்த்துக்கும்.

சிக்கல் பிரிண்ட் போடும்போதுதான். கறுப்பு வெள்ளை பேப்பருக்கு நீலமும் பச்சையும் தெரியும், சிவப்பு தெரியாது. அதனாலதான் அங்கே சிவப்பு விளக்கு. செல்போன் திரை பேப்பர் மேல் பட்டால் வெள்ளையா இருக்க வேண்டிய இடம் சாம்பலாகிடும். அதைவிடப் பெரிய விஷயம், என்லார்ஜர் எரியும்போது உங்க கை நிழல் கொடுத்துக்கிட்டு இருக்கும், கண்ணு பேப்பரை விட்டு நகராது. இதுல விநாடி முள்ளை எங்கே பார்க்கிறது?

"பழைய கிராலேப் டைமர் ஒண்ணு விலைக்கு வருது"ன்னு யாராவது சொல்வாங்க. நல்ல பொருள்தான், விளக்கைத் தானே அணைச்சிடும். ஆனா அமெரிக்க மாடல்னா உள்ளே 60 ஹெர்ட்ஸ் சிங்க்ரனஸ் மோட்டார். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜை மட்டும்தான் குறைக்கும்; நம்ம ஊர் 50 ஹெர்ட்ஸ் மாறாது. டயல் 60 விநாடி ஓட நிஜத்தில் 72 விநாடி ஆகும். (இ.இ.இ. மக்களே, வைவாவில் கேட்டாலும் கேட்பாங்க.) டெஸ்ட் ஸ்ட்ரிப்பும் அதே டைமரில்னா தப்பிச்சீங்க, டெவலப்பர் நேரத்துக்கு நம்பினா மாட்டினீங்க.

என் ஓட்டு மெட்ரோனோமுக்கு. 60-ல் வெச்சா விநாடிக்கு ஒரு 'டிக்'. பியானோ கற்ற ஆன்செல் ஆடம்ஸே டார்க்ரூமில் அதை வெச்சு எண்ணினவர்தான்.

கையால் சுவிட்ச் போட்டா அரை விநாடி பிசகுமேன்னு கேட்பீங்க. நியாயம்தான். 5 விநாடி எக்ஸ்போஷரில் அது 10 சதவீதம். 20 விநாடியில் வெறும் 2.5. லென்ஸை ரெண்டு ஸ்டாப் மூடுங்க, 5 விநாடி 20 ஆகிடும். நிழல் கொடுக்கவும் நிதானமா நேரம் கிடைக்கும்.

மெட்ரோனோம் வாங்கவும் காசில்லையா? போனில் இலவச ஆப் இருக்கு. ஏரோபிளேன் மோடில் போட்டு, மேஜை டிராயருக்குள் வெச்சு மூடிடுங்க. சத்தம் வெளியே வரும், வெளிச்சம் வராது. மிச்சமாகும் காசுக்கு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்க. டெவலப்பர் நேரமெல்லாம் பெரும்பாலும் 20 டிகிரிக்குப் போட்ட கணக்கு, நம்ம குழாய்த் தண்ணிக்கு அது தெரியாது.