பொது விலங்குக்கூடத்தில் நடந்த பிஸ்பீனால்-ஏ ஆய்வு: நோயாளிகள் அறிய வேண்டியவை

நெகிழிப் பாத்திரங்களிலுள்ள பிஸ்பீனால்-ஏ கேடு விளைவிக்கும் என்று ஒரு செய்தியும், அஞ்சத் தேவையில்லை என்று மற்றொரு செய்தியும் நீங்கள் படித்திருக்கக்கூடும். இரண்டும் பெரும்பாலும் எலிகளைக் கொண்டு நடத்தப்பட்ட ஆய்வுகளையே சான்றாகக் காட்டுகின்றன. இம்முரண்பாடு ஏன் எழுகிறது, அதனால் உங்கள் சிகிச்சையில் மாற்றம் தேவையா என்பதை இப்பக்கம் விளக்குகிறது.

பிஸ்பீனால்-ஏ என்றால் என்ன?

பாலிகார்பனேட் என்னும் கடினமான நெகிழியிலும், உணவு டப்பாக்களின் உட்பூச்சிலும் பயன்படுத்தப்படும் வேதிப்பொருள். இது உடலில் ஈஸ்ட்ரோஜன் இயக்குநீரைப் போலச் செயல்படக்கூடியது.

பொது விலங்குக்கூடம் எதற்காக?

1998-இல் அமெரிக்க ஆய்வகம் ஒன்றில், பொருந்தாத சோப்பினால் கழுவப்பட்ட பாலிகார்பனேட் கூண்டுகளிலிருந்து பிஸ்பீனால்-ஏ கசிந்து, சுண்டெலிகளின் கருமுட்டைகளைப் பாதித்தது. கூண்டும் தண்ணீர்ப் புட்டியும்கூட ஆய்வின் முடிவை மாற்றிவிடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. ஆய்வகத்துக்கு ஆய்வகம் எலியின் இனமும் தீவனமும் வேறுபட்டதால், முடிவுகளை ஒப்பிடுவதும் கடினமாக இருந்தது.

இக்குறையைக் களைய, அமெரிக்கத் தேசியச் சுற்றுச்சூழல் நலவியல் நிறுவனமும் உணவு மற்றும் மருந்து நிர்வாகமும் இணைந்து 2012-இல் 'கிளாரிட்டி' என்னும் திட்டத்தைத் தொடங்கின. ஆர்கன்சா மாநிலத்தின் ஜெஃபர்சனிலுள்ள அரசு நச்சியல் ஆய்வு மையத்தில் ஒரே இன எலிகள் வளர்க்கப்பட்டன. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 25,000 மைக்ரோகிராம் வரை ஐந்து அளவுகளில் அவற்றுக்கு பிஸ்பீனால்-ஏ கொடுக்கப்பட்டது. அக்கூடத்தின் எலிகளையும் திசுக்களையும் 14 பல்கலைக்கழகக் குழுக்கள் பகிர்ந்து ஆராய்ந்தன. எந்த மாதிரிக்கு எந்த அளவு கொடுக்கப்பட்டது என்பது ஆய்வாளர்களுக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை.

பின்னரும் கருத்து வேறுபட்டது ஏன்?

2018-இல் மைய ஆய்வின் அறிக்கை வெளியானபோது, விளைவுகள் மிகக் குறைவு என்றும், அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகள் பாதுகாப்பானவை என்றும் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் கூறியது. மிகக் குறைந்த அளவிலேயே மாற்றங்கள் தெரிகின்றன என்று பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பலர் வாதிட்டனர். எலிகள் ஒன்றே, அளவுகோல்கள் வேறு. அளவு கூடக்கூட விளைவும் கூட வேண்டும் என்பது மரபான நச்சியல் நோக்கு. இயக்குநீரைப் போன்ற பொருள்கள் குறைந்த அளவில் வேறுவிதமாகச் செயல்படலாம் என்பது மற்றொரு நோக்கு.

இவ்வேறுபாடு இன்றும் நீடிக்கிறது. சுண்டெலிகளின் நோய் எதிர்ப்பு உயிரணுக்களில் கண்ட மாற்றத்தை அடிப்படையாகக் கொண்டு, ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் அன்றாட ஏற்பு வரம்பை 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் அரசு இடர் மதிப்பீட்டு நிறுவனம் அதைவிட 1,000 மடங்கு உயர்ந்த வரம்பே போதும் என்றது. எனினும், உணவுடன் தொடர்புறும் பொருள்களில் பிஸ்பீனால்-ஏ பயன்பாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியம் விதித்த தடை, மாறுகால அவகாசத்துடன் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

விலங்கு ஆய்வுகள் குறைகின்றனவா?

மனித உயிரணுக்களையும் கணினி முறைகளையும் கொண்டு விலங்குப் பயன்பாட்டைக் குறைக்கும் திட்டங்களை அமெரிக்க அமைப்புகள் 2025 ஏப்ரலில் அறிவித்தன. ஆயினும், கருவுற்ற பெண்களுக்கு ஒரு நச்சுப்பொருளைக் கொடுத்துச் சோதிக்க இயலாது. கருவில் தொடங்கி முதுமைவரை நீளும் விளைவுகளை உயிரணுத் தட்டில் மட்டும் காண்பதும் அரிது. ஆகவே, மாற்று முறைகள் முதிரும்வரை இத்தகைய கூடங்களின் தேவை இருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

- சில டயாலிசிஸ் கருவிகளிலும் மருத்துவக் குழாய்களிலும் பிஸ்பீனால்-ஏ இருக்கலாம். இதற்காக டயாலிசிஸையோ பிற சிகிச்சையையோ ஒருபோதும் நிறுத்தாதீர்கள். நிறுத்துவதால் உயிருக்கே ஆபத்து நேரும். மாற்றுக் கருவி உள்ளதா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.
- சூடான உணவையும் குழந்தையின் பாலையும் கண்ணாடி அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள், நெகிழியில் சூடாக்காதீர்கள்.
- கீறல் விழுந்த பாலிகார்பனேட் பாத்திரங்களைத் தவிருங்கள்.
- ஆய்வுச் செய்தியைப் படிக்கும்போது, ஆய்வு எவ்வுயிரிடம் நடந்தது, எவ்வளவு கொடுக்கப்பட்டது, மனிதரிடம் உறுதி செய்யப்பட்டதா என்னும் மூன்றையும் பாருங்கள்.

எலியிடம் கண்ட மாற்றம் கவனிக்க வேண்டிய எச்சரிக்கை. அதுவே உங்கள் நோய்க்கான காரணம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.