'ஸ்டாஃப் ஒத்துழைக்கல'ன்னு எழுதுறதுக்கு முன்னாடி

நீளமான த்ரெட். அரசு ஆஸ்பத்திரி ஓ.பி. க்யூவுல ஒரு தடவையாவது நின்னிருக்கீங்கன்னா இது உங்க விஷயமும்தான்.

போன வாரம் ஒருத்தர் சத்தம் போட்டார். "ஒரு மணி நேரமா நிக்கிறேன், அந்தம்மா கம்ப்யூட்டர்ல விளையாடிட்டு இருக்கு." 'அந்தம்மா' எங்க சிஸ்டர், 24 வருஷ சர்வீஸ். அவங்க விளையாடல. புது சாஃப்ட்வேர்ல இவரோட பேரைத்தான் பதிவு பண்ணிட்டு இருந்தாங்க. ஸ்க்ரீன்ல வட்டம் சுத்திக்கிட்டே இருந்துச்சு.

அவர் கோபம் நியாயம்தான், ஆனா தப்பான ஆள் மேல. அதே தப்பை எங்க ரெவ்யூ மீட்டிங்கும் பண்ணுது. ப்ரொஜெக்டர்ல ஒரு எக்செல் ஷீட். எந்த வார்டுல எத்தனை என்ட்ரின்னு இருக்கும். கம்மியா இருந்தா சிவப்பு. கடைசியில மினிட்ஸ்ல ஒரு வரி: 'ஸ்டாஃப் ஒத்துழைப்பு இல்லை.' அந்த ஒரு வரிக்கு பதில் சொல்லத்தான் இவ்வளவும் டைப் பண்றேன்.

முதல்லயே சொல்லிடறேன், நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்ல. "வெள்ளை மாத்திரை டாக்டர், பாதியா உடைச்சு சாப்பிடுவேன்"னு சொல்ற சுகர் பேஷண்ட்டை தினமும் பாக்குறேன். போன தடவை என்ன எழுதிக் கொடுத்தோம்னு எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சீட்டு மழையில கரைஞ்சு போயிருக்கும். அவர் பேரைத் தட்டினா பழைய ரெக்கார்டு வரும்னா எனக்கு அதைவிட சந்தோஷம் வேற இல்ல. அதனாலதான் இவ்வளவு எரிச்சல். நல்ல விஷயத்தை ஆரம்பிக்கிற விதத்துலயே கொன்னுடுறாங்க.

ஆரம்பிச்ச விதம் இது. ஒரு சனிக்கிழமை மதியம், கான்ஃபரன்ஸ் ஹால், ஒரு ஸ்க்ரீன். கம்பெனியிலேர்ந்து வந்த தம்பி 'டெஸ்ட் பேஷண்ட்'னு ஒருத்தரை அட்மிட் பண்ணி, அஞ்சு நிமிஷத்துல டிஸ்சார்ஜும் பண்ணிக் காட்டினார். அந்த பேஷண்ட்டுக்கு வாந்தி வரல, பெட்டுக்குப் பக்கத்துல எட்டு சொந்தக்காரங்க நிக்கல, நெட் போகல. பாதி ஸ்டாஃப் நைட் டூட்டி முடிச்சு வீட்ல தூங்கிட்டு இருந்தாங்க. திங்கக்கிழமை 'கோ லைவ்'. தம்பி அடுத்த மாவட்டத்துக்குப் போயிட்டார்.

அப்புறம் ஒரு ஆர்டர். "ரிஜிஸ்டரையும் நிறுத்த வேண்டாம், ஆடிட்டுக்கு வேணும்."

இது எவ்வளவு பெரிய அநியாயம்னு வெளியில இருக்கிறவங்களுக்குத் தெரியாது. ஒரு காய்ச்சல் கேஸ் அட்மிஷன் ஆனா ஓ.பி. சீட்டு, அட்மிஷன் ரிஜிஸ்டர், கேஸ் ஷீட், நர்ஸ் ரிப்போர்ட் புக், டயட் ரிஜிஸ்டர், லேப் சீட்டு. ஆறு இடத்துல அதே பேர், அதே வயசு. இப்ப ஏழாவதா ஸ்க்ரீன். 40 பெட் வார்டு, ரெண்டு சிஸ்டர், ஒரு கம்ப்யூட்டர். சாஃப்ட்வேர் வேலையைக் குறைக்கும்னு சொல்லித்தான் கொண்டு வந்தாங்க. எதைக் குறைச்சாங்கன்னு ஒரே ஒரு ரிஜிஸ்டர் பேராவது சொல்லட்டும்.

"வயசானவங்க, புதுசா எதையும் கத்துக்க மாட்டாங்க"ன்னு ஒரு பேச்சு உண்டு. அதே சிஸ்டர்தான் போன்ல கரண்ட் பில் கட்டுறாங்க, வெளிநாட்டுல இருக்குற பையன்கிட்ட வீடியோ கால் பேசுறாங்க. 2021ல ரெண்டாவது அலை வந்தப்ப ஹை ஃப்ளோ ஆக்சிஜன் மெஷினை அதுக்கு முன்னாடி தொட்டே பாக்காதவங்க ரெண்டே ராத்திரியில கத்துக்கிட்டாங்க. எப்படி? மயக்க மருந்து டாக்டர் ஒருத்தர் பெட்டுக்குப் பக்கத்துலயே நின்னார். தப்பா திருப்பினா கையைப் பிடிச்சு சரி பண்ணினார். திருப்பின உடனே சாச்சுரேஷன் ஏறுறது கண்ணுக்குத் தெரிஞ்சுது. பக்கத்துல ஆள், உடனே பலன். இது ரெண்டும் இருந்தா யாரும் கத்துப்பாங்க.

உலகத்துல இது நமக்கு மட்டும் வந்த பிரச்சனையும் இல்ல. அமெரிக்காவுல பிட்ஸ்பர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரி, 2002. டாக்டர்கள் மருந்து ஆர்டரை கம்ப்யூட்டர்லதான் போடணும்னு ஆறே நாள்ல ஆஸ்பத்திரி முழுக்க மாத்தினாங்க. வெளி ஆஸ்பத்திரிகள்லேர்ந்து அங்க மாத்தி அனுப்பப்பட்ட குழந்தைகள்ல இறப்பு 2.80 சதவீதம் இருந்தது, அதுக்கப்புறம் 6.57 ஆச்சு. 2005ல பீடியாட்ரிக்ஸ் ஜர்னல்ல அவங்க டாக்டர்களே எழுதினாங்க. முன்னாடி ஆம்புலன்ஸ் வழியில வரும்போதே மருந்து ஆர்டர் எழுதி ரெடியா வைப்பாங்களாம். புது முறையில குழந்தை வந்து சேர்ந்து, பதிவு ஆனாத்தான் ஆர்டரே போட முடியும். பேனாவுல சில செகண்ட் வேலை, ஸ்க்ரீன்ல ஒண்ணு ரெண்டு நிமிஷம். உயிருக்குப் போராடுற குழந்தைக்கு அந்த ரெண்டு நிமிஷம் பெருசு.

முன்னாடி–பின்னாடி ஒப்பிடுற ஆய்வுதான், சாஃப்ட்வேர் மட்டுமே காரணமான்னு சண்டை உண்டு. ஆனா அடுத்ததைக் கேளுங்க. சியாட்டில் குழந்தைகள் ஆஸ்பத்திரியும் அதே கம்பெனி சிஸ்டத்தைத்தான் கொண்டு வந்துச்சு. அங்க இறப்பு கூடல. ஐ.சி.யூ.வுக்கு வேண்டிய ஆர்டர்களை முன்கூட்டியே செட் செட்டா தயார் பண்ணி வெச்சுட்டுத்தான் ஆரம்பிச்சாங்க. அதே சிஸ்டம், வேற ஆரம்பம்.

நம்ம ஊர் கதைக்கு வரேன். எங்க லேப் ரிசல்ட் சிஸ்டத்துக்கு மாறின முதல் வாரம். முன்னாடி ஏதாவது மோசமா வந்தா லேப்லேர்ந்து வார்டுக்கு போன் வரும். "இனி எல்லாம் ஆன்லைன்ல தெரியும்"னு சொன்னதும் அந்தப் பழக்கம் சத்தமில்லாம நின்னு போச்சு. யாரும் நிறுத்தச் சொல்லல, யாரும் தொடரச் சொல்லவும் இல்ல. ராத்திரி ஒரு கிட்னி பேஷண்ட், பொட்டாசியம் 7.1. இதயம் எந்த நிமிஷமும் நிக்கலாம்ங்கிற அளவு. ரிசல்ட் சிஸ்டத்துல ஏறி முக்கால் மணி நேரம் ஆச்சு. வார்டுல யாரும் பாக்கல. நானும் பாக்கல, இன்னொரு கேஸ்ல இருந்தேன். மனசு கேக்காம லேப் டெக்னீஷியன் அக்கா மாடி ஏறி வந்து, "டாக்டர், பாத்தீங்களா?"ன்னாங்க. கால்சியம் போட்டோம், இன்சுலின் போட்டோம், விடியறதுக்குள்ள டயாலிசிஸ் ஏத்தினோம். பொழச்சுட்டார். ரிப்போர்ட்படி அன்னைக்கு எங்க வார்டு பச்சை. என்ட்ரி நூத்துக்கு நூறு.

என் பங்கும் இருக்கு, மறைக்கல. முதல் மாசம் என் பாஸ்வேர்டை ஹவுஸ் சர்ஜன்கிட்ட கொடுத்துட்டு, "நீயே போட்டுடு"ன்னேன். என் பேர்ல ஏறின ஆர்டர்ல பாதி நான் பாக்காதது. ஒரு நாள் டிஸ்சார்ஜ் லேட்டானதுக்கு அதே சிஸ்டர்கிட்ட கத்தியிருக்கேன். சிஸ்டர்களைவிட டாக்டர்கள்தான் இதுல மோசம். எங்களுக்கு மெமோ வராது, அவங்களுக்கு வரும். அவ்வளவுதான் வித்தியாசம்.

நாங்க கேக்குறது கோடிக்கணக்கான காசு இல்ல. முதல் ரெண்டு வாரம் தெரிஞ்ச ஒருத்தர் வார்டுலயே இருக்கணும். முக்கியமா ராத்திரி, ஏன்னா நைட் டூட்டியில ஹெல்ப்லைன் எடுக்க ஆள் இருக்காது. ஒரு விஷயம் ஸ்க்ரீனுக்குப் போச்சுன்னா அதே நாள் அந்த ரிஜிஸ்டரை நிறுத்தச் சொல்லி கையெழுத்துப் போட்ட ஆர்டர் வேணும். வாய்ல சொன்னா ஆடிட்ல மாட்டுறது சிஸ்டர்தான். சர்வர் படுத்தா எந்தப் பேப்பர்ல எழுதணும், அப்புறம் அதை யார் ஏத்தணும்னு முன்னாடியே முடிவு பண்ணுங்க. எல்லாத்துக்கும் மேல, ஸ்க்ரீனை டிசைன் பண்றப்பவே ஒரு வார்டு சிஸ்டரைக் கூப்பிட்டு உக்கார வைங்க. பேஷண்ட் பேருக்கு முன்னாடி அப்பா பேரைக் கட்டாயமா கேக்குற ஃபார்மை, மயக்கத்துல தூக்கிட்டு வர்ற கேஸைப் பாத்த யாரும் பண்ணியிருக்க மாட்டாங்க.

அடுத்த மாசம் பார்மசியையும் இதுல சேக்குறாங்க. சர்க்குலர் வந்தாச்சு. சனிக்கிழமை மதியம் 2 முதல் 5 வரை பயிற்சி, 'அனைவரும் தவறாமல் கலந்துகொள்ள வேண்டும்'. அந்த மூணு மணி நேரம் வார்டை யார் பாத்துக்கிறதுன்னு கேட்டேன்.

"அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க டாக்டர்."